வால் பகுதி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டி வந்தது. உள்ளே பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு பையனின் கணையம். சர்க்கரை நோய் வந்ததே தெரியாமல் சில வாரங்களாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது மூளை வீங்கிவிட்டிருந்தது. பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். யாருக்கும் பொருத்த முடியாத கணையம் மட்டும் ஆய்வுக்கு வந்தது.

அதைக் கையில் வாங்கியதும் ஆய்வாளருக்குள் எழுந்தது சந்தோஷம். அதை அவளே கவனித்துவிட்டாள்.

இந்த நோயில் உடலைக் காக்கும் அணுக்களே இன்சுலின் சுரக்கும் திட்டுகளை அழித்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்கிற கதை. ஆனால் மேயும்போது பார்த்தவர்கள் மிகக் குறைவு. வழக்கமாக வருபவை பல வருடம் நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் கணையங்கள். மேய்ந்து முடித்த கட்டாந்தரை. இவனுடையதில் மேய்ச்சல் இன்னும் முடிந்திருக்காது. இப்படி ஒன்றுக்காகத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முழு வாக்கியமாக மனத்துக்குள் சொல்லிப் பார்க்க மட்டும் துணிந்ததில்லை. அவளுடைய மகளுக்கும் இதே நோய்.

“திரவ நைட்ரஜன் தீந்துபோச்சு மேடம், கீழ போய் ரொப்பிட்டு வரேன்” என்றார் ஆய்வக உதவியாளர். எதையும் நிதானமாகவே செய்வதால் அவருக்கு அங்கே ‘அவசரம்’ என்று பெயர்.

“இன்னைக்காவது பேருக்கு ஏத்த மாதிரி போயிட்டு வாங்க.”

“ஓடினா தளும்பும். கால்ல பட்டா அப்புறம் நடக்கவும் மாட்டேன்.”

கணையம் பொல்லாத உறுப்பு. செரிமானச் சாறுகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், உயிர் போனதும் தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். பனிக்கட்டி மேல் வைத்தே வேலை செய்ய வேண்டும். தலைப் பகுதியையும் உடல் பகுதியையும் துண்டு போட்டு, கெடாமல் காக்கும் ஃபார்மலினில் இறக்கினாள். மிச்சம் வால். திட்டுகள் நெருக்கமாக இருப்பது அங்கேதான். ஒட்டியிருந்த கொழுப்பை நீக்குவதற்காக, ஒரு நிமிட வேலைதானே என்று, அதை மட்டும் வெறும் தட்டில் எடுத்து விளக்கடியில் வைத்தாள்.

போன் அலறியது. மகளின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அனுப்பிய எச்சரிக்கை. சர்க்கரை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே நடைக்கூடத்துக்கு ஓடினாள். மகள் போனை எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து, “கதவைத் தட்டுங்கக்கா, தொறக்கலேன்னா ஒடைச்சிடுங்க” என்றாள். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் மகளே பேசினாள். “ஊரையே கூட்டிட்டியாம்மா? தூங்கிட்டிருந்தேன். சென்சார் கை மேலயே படுத்துட்டேன் போல. அழுத்தினா பொய்யாக் காட்டும்னு நீதானே சொல்லிக்கொடுத்த!”

“விரல்ல குத்திப் பாத்தியா?”

“பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு. அக்காதான் வெலவெலத்துப் போயிட்டாங்க. அவங்களுக்குத்தான் இப்ப சர்க்கரை கரைச்சுக் கொடுக்கணும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே அவசரம் தட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். விளக்கின் சூட்டில் வால் பகுதி நிறம் மாறி, ஓரங்கள் கொழகொழத்திருந்தன. கொண்டுவந்த நைட்ரஜனைக் கீழே இறக்கி வைத்தார். அவள் புதுக் கையுறையை மாட்டினாள். இருவருமாக மிச்ச வேலையை முடித்தார்கள்.

நுண்ணோக்கியில் தலையும் உடலும் தெளிவாக இருந்தன. ஆனால் திட்டுகள் சொற்பம். வாலில் நிறைய இருந்திருக்க வேண்டும். அங்கே எல்லாம் தண்ணீர் பட்ட மை எழுத்தாகக் கலங்கிக் கிடந்தது.

“பெட்டி வர்ற வழியில சூடாயிடுச்சுன்னு சொல்லிட்டாப் போச்சு மேடம்,” என்றார் அவசரம். “யாரு கேக்கப்போறா?”

அன்பால்தான் சொன்னார். அதனாலேயே மறுக்கக் கஷ்டமாக இருந்தது.

கேட்க ஒருவர் இருந்தார். தானம் கொடுத்த குடும்பங்களோடு பேசும் பொறுப்பிலிருந்த பெண் அந்த வாரமே அழைத்தாள். “அந்தப் பையனோட அம்மா கேக்கறாங்க மேடம். அவனோடது பிரயோஜனப்பட்டுச்சான்னு. என்ன சொல்லட்டும்?”

வழியில் கெட்டுவிட்டது. இரண்டே சொல் போதும். அவை நாக்கு நுனிவரை வந்து நின்றன.

“கொஞ்சம் பிரயோஜனப்படும். முக்கியமான பகுதி கெட்டுப்போச்சு. வழியில இல்ல, என் மேசையில.” மகளின் நோய், எச்சரிக்கை, எடுக்காத போன் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்படியே சொல்லிடவா?”

“அப்படியே சொல்லுங்க.”

பதில் வரும்வரை வசவுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். யாராவது திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அந்தப் பெண் மறுபடி அழைத்தாள். “சொல்லிட்டேன் மேடம். அந்தம்மா முழுசாக் கேட்டாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. உங்க பொண்ணு பொழைச்சுக்கிட்டாளான்னு.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். ஒன்றை விட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

“அவளுக்கு எதுவுமே ஆகலை,” என்றாள். “கருவி தப்பாக் காட்டிச்சு. சும்மா தூங்கிட்டிருந்தா. அதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

மறுமுனையிலிருந்த பெண் குரலைத் தாழ்த்தினாள்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். உங்க பொண்ணு நல்லா இருக்கான்னு அப்பவே சொல்லிட்டேன். ‘ஒரு புள்ளையாவது மிஞ்சிச்சே’ன்னு அழுதாங்க. அந்த ஆறுதலை நான் திரும்பப் போய்ப் பிடுங்க மாட்டேன்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் போனை வைக்கவில்லை.