ஏழில் இறங்கி ஆறுக்கு

பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே கொடிக்கம்பம் நின்றது. கொடிதான் இல்லை.

"தூதரகம் இங்க இல்ல சார். நாலு மாசம் ஆச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருச்சு," என்றார் காவலாளி, ஸ்டூலை விட்டு எழாமல்.

"யார் சொன்னா?"

காவலாளி இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "யாரு சொல்லணும்? நான்தானே சாமானெல்லாம் லாரியில ஏத்தினேன்!"

எதிரே டீக்கடைக்காரரிடம் போய்க் கேட்டார். அவரும் பாலம் என்றார். ஓரமாக நின்ற டாக்சிக்காரர் கேட்காமலேயே பாலம் என்று சொல்லிக் கதவையும் திறந்துவிட்டார். மூன்று பேரும் ஒன்றுபோலச் சொன்னதும் ஆய்வாளருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"பாத்தியா, மூணு பேரும் கூட்டு," என்று மனைவியின் காதருகே முணுமுணுத்தார். "ஒரு தூதரகத்தையே தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். நம்ம காதுல பூ சுத்துறாங்க."

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் கிளம்பும்போதே, "அது இடம் மாறிடுச்சாம்" என்று சொல்லியிருந்தாள். "யார் சொன்னா?" என்று இவர் கேட்டதும், புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள்.

எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஆய்வாளராக இருந்தவர் அவர். கடை கடையாகப் போய் எடைக்கற்களைக் கவிழ்த்து, அடியிலிருக்கும் ஈயத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை. கல்லுக்கு முன்னால் அதை எடுத்துக் கொடுக்கிற கையைப் பார்ப்பார். கள்ளக் கல் என்றால் கொடுக்கிறவரின் கட்டைவிரல் லேசாக நடுங்கும். அந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. கடைத்தெருவில் அவருக்கு 'கவுத்துப்பார்' என்றே பெயர். ஓய்வு பெற்ற பிறகு கவிழ்த்துப் பார்க்கக் கடைகள் இல்லை, வீடுதான் அகப்பட்டது. மனைவி வாங்கி வரும் தக்காளியை மறுபடி எடை போட்டார். பக்கத்து வீட்டில் அவள் கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தால், என்ன பேசினார்கள், அதை அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று விசாரித்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உண்டு. இவர் பாலையே நம்பமாட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். விசாவுக்குப் பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த நேரம் ஆறு வாரம் கழித்துத்தான். அதற்குள் பேரப்பிள்ளை பிறந்து முகம் பார்க்கவே ஆரம்பித்துவிடும். இருவருக்கும் முப்பது நாள் என்று அவரே ஃபாரத்தை நிரப்பியிருந்தார். அதற்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டு இருக்க முடியாது. பூட்டை யார் நம்புவது?

"மணி ஒன்பதே முக்கால்," என்றாள் மனைவி. "ஒரு நாளாவது சரின்னு சொல்லுங்களேன்." சொல்லிவிட்டு டாக்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தனியே அனுப்ப முடியாமல்தான் இவரும் ஏறினார்.

பாலம் இறங்கியதும் டாக்சிக்காரர் வேகத்தைக் குறைத்தார். "பின்பக்க வாசல்ல விடுங்க, முன்னாடி விடமாட்டாங்க," என்றாள் மனைவி. ஆய்வாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். லிஃப்டில் அவர் ஆறை அழுத்தக் கையை நீட்டியபோது அவள் ஏழை அழுத்தினாள்.

"ஆறாவது மாடின்னு தானே கீழ செக்யூரிட்டி சொன்னான்?"

"ஆறுல நிக்காது. ஏழுல இறங்கி, படியில நடக்கணும்."

"யார் சொன்னா?"

"போர்டு இருந்துச்சு."

லிஃப்டின் நான்கு சுவர்களிலும் போர்டு எதுவும் இல்லை. லிஃப்ட் ஆறில் நிற்கவும் இல்லை. படியிறங்கி வந்தபோது வாசலில் நின்ற பெண் காவலர் வாய் திறப்பதற்கு முன்பே மனைவி செல்போனை அணைத்து நீட்டினாள். உலகம் அவளை ஏமாற்றிவிடும் என்றுதான் இத்தனை வருடமும் அவர் பயந்தார். அவளைக் கவிழ்த்துப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஒலிபெருக்கி வழியாகக் கேட்டாள். "முப்பது நாள் முடிஞ்சதும் திரும்பி வந்துடுவீங்கன்னு என்ன நிச்சயம் சார்?"

"என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"எல்லாரையும் கேக்குறதுதான்."

அவமானமாக இருந்தது. பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் கண்ணாடி இடுக்கு வழியே தள்ளினார். அதிகாரி தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள்.

"அம்மா, போன செவ்வாய்க்கிழமை நீங்க தனியா வந்து ஒரு ஃபாரம் கொடுத்திருக்கீங்க. அதை வாங்கி வச்சுக்கிட்டு, கொடுத்த நேரத்துக்கு வாங்கன்னு அனுப்பியிருக்கோம். அதுல ஆறு மாசம்னு எழுதியிருக்கீங்க. இதுல முப்பது நாள். எதும்மா சரி?"

போன செவ்வாய்க்கிழமை அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். அப்படித்தான் சொன்னாள். எந்தப் பல் என்று அவர் கேட்டார். அவள் வாயைத் திறந்து காட்டினாள், அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆள் மாறியிருக்கும் மேடம். இவ தனியா எங்கயும்..."

"சார், நீங்க அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க. நான் அவங்களத்தான் கேட்டேன்."

நான்கு எட்டு பின்னால் போனார். அங்கிருந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதிகாரியின் உதடுகள் அசைந்தன. மனைவி ஏதோ சொன்னாள், கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டது எப்போது என்று நினைவில்லை. ஆறு மாதம் கழித்தாவது வருவாளா என்று தோன்றியதும் அவருக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடம் விசாரிப்பது?

அதிகாரி ஃபாரத்தையும் ஒரு பேனாவையும் இடுக்கு வழியே வெளியே தள்ளினாள். மனைவி ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து பேனாவை எடுத்தாள்.

ஆய்வாளர் கோட்டைத் தாண்டாமல், குதிகாலை உயர்த்தி, கழுத்தை நீட்டி அவள் கையைப் பார்த்தார். பேனா அவர் எழுதிய முப்பது நாளை அடித்துவிட்டு அதற்கு மேலே எழுதியது. அவள் கட்டைவிரல் நடுங்கவே இல்லை.