அந்த ஓடை வரைக்கும்

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப் போக நான் ரொம்ப யோக்கியமானவள் என்று உங்களுக்குத் தோன்றிவிடும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. யாராவது வழி கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து சொல்வார்.

"நேரா போங்க. லாண்டரி வரும். அதை ஒட்டி இடதுபக்கம் ஒரு சந்து. சந்து முனை வரைக்கும் தெரியும். அதுக்கு மேல நான் போனதில்ல."

வழி கேட்டவர் பேந்தப் பேந்த விழிப்பார். ஒன்பது வயதில் நான் அவருக்கு 'அதுக்குமேல மாமா' என்று பெயர் வைத்தேன். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவர் இளவயதில் பட்டாளத்தில் இருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து ஓடிவந்துவிட்டார் என்பதும் எல்லோருக்கும் 'தெரியும்'. சொன்னவர் அவருடைய சொந்தத் தம்பி.

2

மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் அவர் மகள், அதாவது எங்கள் எதிர்வீட்டு அக்கா, போன் செய்தாள்.

"நீதான் கதையெல்லாம் எழுதறியே. எங்கப்பா பட்டாளத்துல என்ன பண்ணாருன்னு தேடி எழுதிக் குடுடி. சித்தப்பாவுக்கு எண்பது வயசாச்சு. இன்னும் என்னைப் பாத்தா 'ஓடிப்போனவன் பொண்ணு'ங்கறார். அவர் கண்ணு முன்னாடி உக்காந்து நான் அதைப் படிக்கணும்."

"ஒருவேளை நிஜமாவே ஓடிப்போயிருந்தா?"

"அதையும் எழுது," என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

3

முதல் வரியை நான்கு முறை எழுதினேன். ஒன்றை மட்டும் காட்டுகிறேன், சிரிக்கக் கூடாது:

பனி மூடிய மலைப்பாதையில், தோளில் துப்பாக்கியுடன், இருபத்திரண்டு வயது வீரன் ஒருவன்—

நிறுத்திவிட்டேன். பனி நான் பெய்ய வைத்தது. துப்பாக்கியும் நான் கொடுத்ததுதான்.

ராணுவ ஆவணக் காப்பகத்தில் கிடைத்த கோப்பில் மொத்தம் பதினொரு தாள். வேலை: நில அளவைப் பிரிவில் வரைபடம் வரைபவர்.* கூடவே அச்சடித்த விதிகள் ஒரு தாளில். வரைபவர் தன் காலால் நடந்து பார்த்த பாதையை முழுக்கோடாகப் போட வேண்டும். பிறர் சொல்லிக் கேட்ட பாதை என்றால் புள்ளிக்கோடு. முழுக்கோட்டை நம்பி ஆட்கள் நடந்துவிடுவார்கள். புள்ளிக்கோடு என்றால் விசாரித்துவிட்டு நடப்பார்கள்.

படித்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். லாண்டரி, சந்து, முனை. அந்த மனிதர் ஆயுள் முழுக்க வழிப்போக்கர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார், நாங்கள் கெக்கெக்கே என்று சிரித்திருக்கிறோம்.

இனி இந்தக் கதைக்கும் அதே விதி. காகிதத்தில் நான் பார்த்தது சும்மா வரும். பார்க்காதது அடைப்புக்குறிக்குள் வரும்.

* எடை நாற்பத்தொன்பது கிலோ என்றும் எழுதியிருக்கிறது. நான் பார்த்த மாமாவுக்குத் தொப்பை உண்டு. கதைக்கு இது தேவையில்லை, எனக்குத்தான் விட மனசில்லை.

4

ஏழாவது தாளில் குற்றச்சாட்டு. மேலதிகாரி உத்தரவிட்டும், மலையைத் தாண்டும் ஒரு பாதையை முழுக்கோடாக வரைய மறுத்தார்.

(அதிகாரி மேசையைத் தட்டியிருப்பார். "படம் நாளைக்கு அச்சுக்குப் போகணும். நடுவுல புள்ளி புள்ளியா இருந்தா எனக்குத்தான் கெட்ட பேரு. கோட்டைப் போடுய்யா. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"நான் அங்க போனதில்ல சார்.")

எட்டாவது தாளில், ஒன்பது நாள் ஆளைக் காணவில்லை. அடுத்ததில், தானே திரும்பி வந்தார், பதவி இறக்கப்பட்டது. ஒரு வருடம் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசித் தாள் அவர் ஒப்படைத்த சாமான்களின் பட்டியல்: பேனா இரண்டு, மைப்புட்டி ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, "மிகவும் தேய்ந்தது".

ஆக, சித்தப்பா சொன்னது பொய் இல்லை. ஒன்பது நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்த்தான் இருக்கிறார். கதையை இங்கேயே மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அக்காவிடம் போய் எந்த வாயால்—

5

"படம் வரைஞ்சவர்ங்கறீங்க, படத்தைப் பாக்காமலே கெளம்பறீங்களே," என்றார் காப்பகத்துப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். பதினொரு தாளைப் புரட்டியவளுக்குப் பன்னிரண்டாவது எங்கே என்று கேட்கத் தெரியவில்லை.

அகலமான இழுப்பறையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து விரித்தார். முதல் படத்தில் அடிவாரத்திலிருந்து மலையின் மறுபக்கம் வரை வெறும் புள்ளிகள். இரண்டாவது, திருத்திய படம். அதே பாதை அடிவாரத்திலிருந்து முழுக்கோடாகக் கிளம்புகிறது. வளைந்து வளைந்து ஏறுகிறது. வழியில் ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு ஊற்றும் குறித்திருக்கிறது. ஓர் ஓடைக்கரையில் கோடு நிற்கிறது. அதற்கு அப்பால் பழையபடி புள்ளிகள். கோடு நிற்கும் இடத்தில் எறும்பு அளவுக்கு அவருடைய முதலெழுத்தும் ஒரு தேதியும். காணாமல் போன ஒன்பது நாளில் ஐந்தாவது நாள்.

ஓடிப்போகவில்லை, அந்தப் பாதையை நடந்து பார்க்கப் போயிருக்கிறார்.

இன்னும் இரண்டு விரற்கடை மை இழுத்திருந்தால் பாதை முழுசாகியிருக்கும். (அதிகாரி குளிர்ந்திருப்பார். பதவியும் தப்பியிருக்கும்.) அவர் இழுக்கவில்லை. தண்டனை காத்திருப்பது தெரிந்தும், நடந்த இடத்தோடு பேனாவை எடுத்திருக்கிறார். ஒரு மனிதர் இப்படி இருக்க முடியுமா என்று பிரமித்துப்போய் அந்தத் தாளின் முன் கைகட்டி நின்றேன். இவருக்கா பெயர் வைத்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

6

ஏன் ஓடையோடு திரும்பினார்?

(வெள்ளம்.)

(கொண்டுபோன ரொட்டி தீர்ந்துவிட்டது.)

(பயம். இருபத்திரண்டு வயது, தனி ஆள்.)

மூன்று முடிவையும் எழுதிப் பார்த்தேன். வெள்ளம்தான் பிரமாதமாக வந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தேன். அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு கேட்டாள்.

"அப்போ அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லையா?"

"தெரியாதுக்கா. கோடு ஓடையோட நிக்குது."

"சித்தப்பா அதையே பிடிச்சுக்குவார்டி. 'பாத்தியா, பாதியிலயே பயந்து திரும்பிட்டான்'னு. வெள்ளம்னே போட்டுடு. நல்லாத்தான இருக்கு? யாரு போய்ப் பாக்கப் போ—"

முடிக்கவில்லை. நான்காம் பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளம் வந்த பக்கத்தை அவளே எடுத்து, நாலாக மடித்து, தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

"ஏன் திரும்பினார்னு சித்தப்பா கேப்பார்," என்றாள்.

"கேப்பார்."

"ஓடை வரைக்கும் தெரியும் சித்தப்பான்னு சொல்றேன்." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுக்கு மேல நான் போனதில்ல."

அச்சு அசல் மாமாவின் குரல். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7

நாளைக் காலை அக்கா சித்தப்பா வீட்டுக்குப் போகிறாள். அங்கே என்ன நடக்கும் என்று நான் எழுதப்போவதில்லை, நான் கூடப் போகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். நடந்து பார்த்தவர்கள் கோடு போடுங்கள். மற்றவர்கள் புள்ளி வைத்தால் போதும்.

. . . . . . . .