மிச்ச மருந்து

சிட்டு வாஷ்பேசினில் மருந்தைக் கொட்டுவதை அவள் அம்மா பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். துவைத்த துண்டைக் கொடியில் போடப் போனவள், குளியலறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்ததால் தற்செயலாக உள்ளே திரும்பிப் பார்த்தாள். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் நெபுலைசரின் சின்னக் கிண்ணம். அதைச் சாய்த்து, விரலால் தட்டி, கடைசிச் சொட்டுவரை வடியவிட்டாள். பிறகு சத்தமே வராத அளவுக்குக் குழாயைத் திறந்து பேசினைக் கழுவினாள். அவள் குழாயைத் திறந்த விதம்தான் அம்மாவை அங்கேயே நிற்கவைத்தது. கை தவறி யார் வேண்டுமானாலும் மருந்தைக் கொட்டலாம். சத்தம் வராமல் கொட்டுவதற்குப் பழக்கம் வேண்டும்.

"என்னடி கொட்டுற?"

மகள் திடுக்கிடவில்லை. "மிச்சம்மா. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு" என்றாள்.

அம்மா கூடத்துக்குப் போய் மேஜைமேல் இருந்த மெஷினைப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை வஸ்து. மருந்து முழுக்க உள்ளே போய்விட்டால் அதன் பச்சை விளக்கு தானாக அணையும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். விளக்கு அணைந்துதான் இருந்தது. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் பொய் சொல்வது யார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

சிட்டு கைக்குழந்தையாக இருந்தபோது அவளை முத்தமிட்டால் உதடு உப்புக் கரிக்கும். வியர்வை என்று நினைத்தார்கள். குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிறகும் கரித்தது. பால் குடித்தாலும் உடம்பில் ஒட்டாமல் மெலிந்துகொண்டே போனாள். பல ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பெயர் அவர்கள் காதில் விழுந்தது. நெஞ்சுக்குள் ஊறும் சளி எல்லோருக்கும் இருப்பதுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வராது, பசை மாதிரி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அதில் கிருமி குடியேறும் என்று டாக்டர் விளக்கினார். அன்றிலிருந்து காலையும் மாலையும் மருந்தைப் புகையாக்கி உள்ளே இழுக்க வேண்டும். ஒரு நாள், ஒரு வேளைகூட விடக்கூடாது.

பழைய மெஷின் செருப்புப் பெட்டி அளவுக்கு இருக்கும். சுவிட்சைத் தட்டினால் மிக்ஸி ஓடுவதுபோல வீடு அதிரும். லிஃப்ட் மெக்கானிக்கான சிட்டுவின் அப்பா அதற்கு 'மாமனார்' என்று பெயர் வைத்திருந்தார். "மாமனார் எந்திரிச்சுட்டார், இனிமே யாரும் பேச முடியாது" என்பார். பள்ளிக்கூடம் முடித்து வரும் பிள்ளை அரைமணி நேரத்துக்கு மேல் அந்த இரைச்சலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நல்ல வேலையில் இருந்த அம்மா, மகளோடு அப்படி உட்காருவதற்காகவே அந்த வேலையை விட்டாள்.

போன வருஷம் புது மெஷின் வந்தது. சத்தம் கிடையாது. ஐந்தாறு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கைப்பையில் போட்டுக் கல்லூரிக்கே எடுத்துப் போகலாம். புதுசாயிற்றே, பாதுகாப்பானதுதானா என்று அவள் ஆஸ்பத்திரியில் துருவித் துருவிக் கேட்டாள். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். பழையதில் பாதி மருந்து காற்றோடு போய்விடும், இதில் பெரும்பாலும் நுரையீரலுக்குள்ளேயே இறங்கும், அதனால் மருந்தின் அளவைக் குறைத்துத் தருகிறேன் என்றார். மெஷினுக்குள் பொட்டு அளவுக்கு ஓர் உலோகத் தகடு. அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள். தகடு நடுங்கும்போது மருந்து அவற்றின் வழியே சலிக்கப்பட்டுப் புகையாக வரும். பிசியோதெரபிஸ்ட் பெண் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக் காட்டிவிட்டு, "இந்தத் தகட்டை மட்டும் கையால தொட்டுடாதீங்கம்மா" என்றாள். அம்மா அதை மனதில் எழுதிவைத்துக்கொண்டாள்.

வீட்டில் மெஷின் முதல்முதலாக ஓடியபோது அப்பா குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது ஊமைக் குசும்பு. என்ன செய்யுதுன்னே தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சில மாதங்களில் அம்மா மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். பழைய முதலாளி அதே ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். லென்ஸைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தூசு, ஒரு விரல்ரேகை இல்லாமல் வாடிக்கையாளர் மூக்கில் மாட்டுவதில் அவளுக்கு ஈடு அந்தத் தெருவிலேயே கிடையாது. அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. மகள் மருந்து இழுத்து முடித்ததும் மெஷினைப் பாகம் பாகமாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பாள். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் தன் பங்குக்குக் கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய துணியால் ஒவ்வொரு பாகத்தையும் பளபளவென்று துடைத்துவைப்பாள். தகட்டைக் கையால் தொட்டதே இல்லை. அதைத் துணியால் மட்டும் துடைத்தாள். ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால், லென்ஸ் விளிம்புக்கு வைத்திருக்கும் பூப்போன்ற பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், "இப்பல்லாம் முடிய ரொம்ப நேரம் ஆகுதும்மா" என்று சிட்டு சொன்னாள். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா, "மாமனார் முன்னால உக்காந்ததுக்கு இது நேரமாடி?" என்றாள். மகள் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு இருமலின் சத்தம் மாறியது. வறட்டு இருமல் ஈர இருமலாயிற்று. சீசன் மாறுகிறது, எல்லோருக்கும்தான் இருமல் என்று அப்பா சொன்னார். சிட்டு இரண்டாவது மாடியில் இருக்கும் வகுப்புக்கு லிஃப்டில் போக ஆரம்பித்தாள். போன கோடையில் தைத்த சட்டை தோளில் தொங்கியது. அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாஷ்பேசினைப் பார்த்ததும் சமாதானங்கள் எல்லாம் ஒரேயடியாக உதிர்ந்து, கோபம் மட்டும் மிச்சம் நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் அது வெடித்தது. எத்தனை நாளாக நடக்கிறது இந்தக் கூத்து, யாரை ஏமாற்றுகிறாய், உனக்காக எதையெல்லாம் விட்டேன் என்று அம்மா மூச்சுவிடாமல் பேசினாள். பேசும்போதே தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. சிட்டு தட்டைப் பார்த்தபடி ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், பாதியிலேயே விளக்கு அணைந்துவிடுகிறது, மிச்சம் நின்றுவிடுகிறது.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சிட்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த மௌனத்தைத் தாய் தனக்குத் தோன்றியபடி அர்த்தம் செய்துகொண்டாள்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி."

அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து போனார். சிட்டு அழவில்லை. அழுதால் இருமல் வரும், இருமல் வந்தால் நிற்காது. அந்தப் பெண் சின்ன வயதிலேயே அழுகையை அளந்து அழப் பழகியிருந்தாள்.

அன்று மாலையிலிருந்து அம்மா எதிரே நாற்காலி போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துகொண்டாள். மகள் குழலை வாயில் கவ்வி மூச்சை இழுத்தாள். மெல்லிய புகை உதட்டோரம் கசிந்தது. வெகுநேரம் கழித்து விளக்கு அணைந்தது. சிட்டு மூடியைத் திறந்து கிண்ணத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடியில் மருந்து தேங்கி நின்றது. அதைப் பார்த்தும் தாய்க்கு உறைக்கவில்லை. ஆழமாக இழுக்கவில்லை, நடுநடுவே வாயை எடுத்தாய், மனசு வேறெங்கோ இருக்கிறது என்று மகளின் மூச்சின்மேலேயே குற்றம் சொன்னாள். பிறகு மெஷினில்கூட அழுக்கு இருக்கலாம் என்று தோன்ற, அடுக்களை விளக்கடியில் நின்று, எப்போதையும்விட அழுத்தமாக அந்தத் தகட்டைத் தேய்த்தாள்.

அடுத்த வாரத்திலேயே காய்ச்சல் வந்தது. துப்பிய சளியில் சிவப்பு இழை ஓடியிருந்ததைப் பார்த்ததும் அம்மா ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஊசி ஏற்றி, நரம்பு வழியாக மருந்து ஓடியது. நுரையீரலின் பலம் கோடையில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நெபுலைசரை ஒழுங்காக எடுத்துக்கொண்டாளா என்று அவர் கேட்டது அம்மாவைப் பார்த்து. அம்மா மகளைப் பார்த்தாள். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"எடுத்தாளா இல்லையான்னு நீங்களே கேளுங்க டாக்டர்" என்றாள் அம்மா.

டாக்டர் கேட்கவில்லை. பிசியோதெரபிஸ்ட்டை வரச்சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வந்து, மெஷினை வீட்டில் எப்படிக் கழுவுவீர்கள், அப்படியே செய்து காட்டுங்கள் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். சுத்தத்தில் தன்னைக் குறைசொல்ல யாராலும் முடியாது. அலசினாள், வெந்நீரில் போட்டாள், எடுத்தாள். பையிலிருந்து துணியை எடுத்து விரலில் சுற்றித் தகட்டின்மேல் வைத்தாள். பிசியோதெரபிஸ்ட்டின் கை சட்டென்று வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"தினமும் இப்படியாம்மா?"

"ரெண்டு வேளையும். கையால தொடவே மாட்டேன்."

அந்தப் பெண் துணியை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்து புதுத் தகடு ஒன்றை எடுத்துவந்தாள். பழைய தகட்டோடு மெஷினில் உப்புநீரை ஊற்றி ஓடவிட்டாள். சாம்பிராணி அணையும்போது வருவதுபோல ஓர் இழை எழுந்து அங்கேயே கலைந்தது. புதியதை மாட்டி ஓடவிட்டாள். வெண்மேகம் திரண்டு பீய்ச்சிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டைத் தாண்டிப் போயிற்று.

துணியும் பிரஷ்ஷும் பட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும், சிதையும், எதுவுமே படக்கூடாது, தண்ணீர் தானாக உலர வேண்டும் என்று அவள் விளக்கினாள். மெஷினுக்கு மருந்து தீர்ந்ததா என்று எப்போதும் சரியாகத் தெரியாது, ரொம்ப நேரம் ஓடினாலும் அது தானாகவே நின்றுவிடும் என்றாள். கையால் என்று மட்டும் சொன்னது தன் தவறு, எதனாலும் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அளவைக் குறைத்துக் கொடுத்த மருந்தில் பாதிகூட உள்ளே போயிருக்காது என்பதை அவள் சொல்லவில்லை. அம்மாவே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

புதுத் தகட்டில் முதல் மருந்து உள்ளே இறங்கியபோது பிசியோதெரபிஸ்ட் கட்டிலைவிட்டு நகரவில்லை. பல மாதம் பட்டினி கிடந்த நெஞ்சு, முழு அளவு ஒரேயடியாகப் போனால் இறுக்கிக்கொள்ளலாம் என்றாள். அப்படியே ஆயிற்று. நாலாவது மூச்சில் சிட்டு குழலைத் தள்ளிவிட்டு முன்னால் கவிழ்ந்தாள். உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் ஓடிவந்தாள். அம்மாவைச் சுவரோரம் ஒதுங்கச் சொன்னார்கள். எந்த மருந்தைக் கொட்டினாள் என்று மகளைத் திட்டினாளோ அதே மருந்து இப்போது அவளைத் திணறடித்தது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுத்த பிறகு நிறம் திரும்பியது. இனி ஒவ்வொரு வேளையும் இதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிப்போனார்.

எல்லோரும் போன பிறகு அறை அமைதியாயிற்று. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சிட்டுதான் பேசினாள். கண் மூடியிருந்தது.

"ஒரு தடவ சொன்னேன்ல."

"சொன்ன."

"அப்புறம் சொல்லத் தோணலம்மா. நீ கடைக்குப் போறப்ப பாட்டு முணுமுணுத்துக்கிட்டே செருப்பு மாட்டுவ. நான் அத அதுவரைக்கும் கேட்டதே இல்ல."

அம்மா மகளின் கால்மேல் கைவைத்தாள். போர்வைக்குமேல் வைக்கலாமா, இந்தக் கை எதன்மேல் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் வைத்தாள்.

ஊசி மருந்து முடிய இரண்டு வாரம் ஆனது. காய்ச்சல் இறங்கிற்று, சிவப்பு நின்றது. இழந்த பலத்தில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு போனது போனதுதான் என்பதை கடைசி நாளன்று ஊதும் சோதனையில்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் பக்குவமாகச் சொல்லிவைத்தார். அன்று அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. உள்ளே ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். சிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்குள் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூக்கில் கிளிப். வாயில் அட்டைக் குழல். டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி கையை உயர்த்தினார்.

"நல்லா இழு, இழு... இப்ப ஊது. ஊது, ஊது, விடாத."

திரையில் ஒரு கோடு விருட்டென்று ஏறி, வளைந்து, சரியத் தொடங்கியது. சிட்டுவின் தோள்கள் முன்னே குவிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது.

"இன்னும். இன்னும் இருக்கு. இன்னும்."

கோடு தரையை நோக்கி மெல்ல ஊர்ந்தது. நிற்கவில்லை. தடுப்புக்கு வெளியே நின்றிருந்த அம்மா, தன் நெஞ்சிலும் காற்றே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். மகளோடு சேர்ந்து அவளும் ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. கண் இருட்டியது. ஆனால் உள்ளே அந்தப் பெண் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தும்வரை தானும் மூச்சை இழுக்கக்கூடாது என்பதுபோல, அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்து நின்றாள்.