மெத்தையில் எலும்பு இல்லை

அண்ணனின் மார்பில் ஒட்டியிருந்த பட்டையை ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள் தங்கை. இதயத்துடிப்புக் கருவிக்காகக் காலையில் அவளே ஒட்டியது. எவ்வளவு மெதுவாக உரித்தும் நாலு முடி சேர்ந்தே வந்தது. உயிரோடு இருந்திருந்தால், "அடிப்பாவி, மனுஷனைப் பிச்சுப் பிடுங்கத்தான் உனக்குச் சம்பளம் தர்றாங்களா?" என்று ஊரைக் கூட்டியிருப்பார். முள் குத்தினாலே வீட்டை இரண்டாக்குகிற ஆள்.

ஆம்புலன்ஸில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. வாரத்தில் ஒரு நாள் பயிற்சி வகுப்பும் எடுப்பாள். பஸ் ஓட்டுநர், ஆசிரியர், காவலாளி என்று யார் வந்தாலும், நின்றுபோன நெஞ்சை எப்படி அழுத்துவது என்று பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்து அனுப்புவாள். இன்று காலை, போகவேண்டிய முகவரியை ஓட்டுநர் வாசித்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது அண்ணன் வீடு. அரை நிமிடத்துக்குப் பிறகு மற்றதைப் பழக்கம் பார்த்துக்கொண்டது. நாற்பது நிமிடம் போராடியும் அவர் திரும்பவில்லை. மருத்துவமனையில் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் வீட்டுக்கும் கொண்டுவந்தாயிற்று.

ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தபோது, இடதுபக்கம் ஒரு விலா எலும்பு விரலுக்கடியில் நழுவி அசைந்தது. கட்டிலுக்கு மறுபக்கம் நின்ற அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டாள்.

காலையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். தங்கை உள்ளே ஓடியபோது அண்ணன் கூடத்தில் மல்லாந்து கிடந்தார். தரையில் கிடந்த கைபேசியில் அவசர உதவி மையத்துப் பெண், "அழுத்துங்க, நிறுத்தாதீங்க, கேக்குதா?" என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தாள். அண்ணியோ சுவரோரம் ஒடுங்கியிருந்தாள். ஏன் என்று கேட்க அப்போது நேரமில்லை. இப்போது நேரம் இருந்தது, துணிச்சல்தான் இல்லை.

கூடத்தில் பெரியப்பா, வருகிறவர்களிடமெல்லாம் தாமே பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். "லிஃப்ட் மெக்கானிக்குனா சும்மாவா? இருபது மாடி ஏறி இறங்குவான். அவனுக்குப் போயி..."

அண்ணி அறைக்கதவைச் சாத்தினாள்.

"அந்த எலும்ப நான்தானே உடைச்சேன்?"

தங்கைக்கு நாக்கு நுனிவரை ஒரு பொய் வந்து நின்றது. நாங்கள் வந்து அழுத்தியதில்தான் உடைந்தது என்று சொன்னால் முடிந்தது. யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

"ஒரு நிமிஷம் ஒழுங்காத்தான் அழுத்தினேன்" என்றாள் அண்ணி. "நீ சொன்ன மாதிரியே எண்ணிக்கிட்டு. திடீர்னு படக்குனு ஒரு சத்தம். ஐயோ, கொன்னுட்டேனேன்னு கைய எடுத்துட்டேன். நீ வர்ற வரைக்கும் அவரைத் தொடவே இல்ல."

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே வீட்டில் அண்ணிக்கு அவள்தான் பாடம் எடுத்தாள். பயிற்சிப் பொம்மையை வெளியே எடுத்துவரக் கூடாது என்பதால் சோபா மெத்தையைத் தரையில் போட்டார்கள். அண்ணன் அதற்குத் தன் சட்டையை மாட்டிவிட்டு, "மெதுவாம்மா, வீட்டுக்கு ஒரே ஆம்பளப் பிள்ளை" என்று சிரிக்கவைத்தார். எங்கே கை வைப்பது, எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று எல்லாம் சொல்லியாயிற்று. எலும்பு உடையும், உடைந்தாலும் நிறுத்தக் கூடாது என்பது மட்டும் விட்டுப்போனது. வகுப்பில் ஒரு நாளும் அவள் விடாத பாடம் அது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு வீட்டில் கோட்டைவிட்டுவிட்டாள்.

"ஆமா அண்ணி. நீங்கதான் உடைச்சீங்க."

அண்ணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா, ஆழமா அழுத்தினா உடையும். நானும் எத்தனையோ பேருக்கு உடைச்சிருக்கேன். பொழைச்சு எந்திரிச்சு, விலா வலிக்குதுன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தவரும் இருக்காரு. அதை உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது."

"அப்போ, நிறுத்தாம இருந்திருந்தா?"

"தெரியல அண்ணி. மெஷின மாட்டினப்பவே வெறும் கோடுதான் ஓடிச்சு. அதுலேர்ந்து திரும்பினவங்க ரொம்பக் கம்மி. அண்ணன் திரும்பியிருப்பாரா மாட்டாரான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்காகப் பூசி மெழுகுறியா?"

"மெழுகுறதா இருந்தா நாங்கதான் உடைச்சோம்னு சொல்லியிருப்பேனே."

அண்ணி கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்று அவள் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொன்றும் அடித்தாள். தங்கை விலகாமல் வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கதவுக்கு வெளியே பெரியப்பாவின் பேச்சு நின்றுவிட்டது.

அழுது ஓய்ந்ததும் அண்ணியே அண்ணனுக்குச் சலவைச் சட்டையைப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு பொத்தானாக, அவசரமில்லாமல் மாட்டினாள். கழுத்துப் பொத்தானை மட்டும் விட்டுவிட்டாள். அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று தினமும் சண்டை போடுவார்.

"நாளன்னிக்கு உனக்குக் கிளாஸ் இருக்குல்ல?"

"வேற ஆளப் போடச் சொல்லிட்டேன். இனிமே நான் எடுக்கப்போறதில்ல அண்ணி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"இதே மூஞ்சியத்தான்" என்றாள் அண்ணி. "உன்னவிட இத அழுத்திச் சொல்றவ அங்க யாரு இருக்கா? நானும் வர்றேன். பின்னாடி உக்காந்து பாக்கறேன், இந்தத் தடவ நீ எதை விடறேன்னு."

அண்ணி தங்கையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எந்த எலும்புன்னு மொதல்ல எனக்குக் காட்டு. இங்கயா?"

"இல்ல, கொஞ்சம் கீழ." தங்கை விரல்களை நகர்த்தினாள். "இந்த இடம்."

விலாவுக்கு அடியில் அண்ணியின் இதயம் திடும் திடுமென்று இடித்துக்கொண்டிருந்தது. தங்கை விரலை எடுக்காமல், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தாள்.