பஞ்சில் வந்த சிரிப்பு

கண்ணாடிக் கிண்ணம் தரையில் விழுந்து சிதறிய சத்தம் பக்கத்துத் தையல் கடைவரை கேட்டது. வெள்ளிக்கிழமை மாலை நாலே காலுக்கு, அழகு நிலையக்காரி தன் தங்கையின் மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, உதட்டுச் சாயத்தோடு சேர்ந்து தங்கையின் சிரிப்பும் முழுசாகக் கழன்று பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டாள். இரண்டு கன்னக்குழி, மேல்வரிசையில் எட்டுப் பல்லின் பளபளப்பு, எதுவும் சேதமாகவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த தையல்காரர் பஞ்சைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்தார். பிறகு, தான் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது உறைத்து, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை அந்த ஊர்ப் பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் பதினோரு வருஷமாக நிற்பவள். ஹோட்டலுக்கு அன்று நூறு வயது முடிந்தது. முதன்முதலில் அந்த மேஜையில் நின்றவளின் புகைப்படம் ஒன்று மாடிப்படிக்குக் கீழே தொங்குகிறது: காதோடு வெட்டிய முடி, நூல் போன்ற புருவம், மையில் முங்கிய கண், பொத்தான் அளவுக்கு ஒரு வாய். விழாவுக்குத் தங்கை அச்சு அசலாக அப்படியே வர வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. அன்று காலை அக்காவுக்குக் கை பரபரத்தது. பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் கோந்துக் குச்சியால் புருவத்தைப் படியவைத்து, பவுடரும் தோல் நிறத்துக் கன்சீலரும் போட்டு மறைத்து, அதன் மேல் ஓரம் சரிகிற மாதிரி ஒல்லிப் புருவம் வரைந்தாள். காஜலைக் கண்ணைச் சுற்றி அப்பி விரலால் கலைத்தாள். கன்னத்தில் வட்டமாக ரோஜா நிறம். வாய்தான் படுத்தியது. தங்கைக்குக் கன்னம் முழுக்க விரிகிற வாய். இருபத்துநாலு மணி நேரம் அசையாது என்று டப்பாவில் எழுதியிருந்த கன்சீலரால் வாயின் இரண்டு ஓரத்தையும் மூடி, நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு மேட் லிப்ஸ்டிக்கால் சின்ன வில் ஒன்று வரைந்தாள்.

"சிரிச்சுத் தொலைக்காதடி, ஓரம் வெடிச்சிரும்."

"படத்துல இருக்கறவளே உம்முன்னுதான் நிக்கிறா. இன்னிக்கு ஒருநாள் சிரிக்க வேணாம்னு மேனேஜரே சொல்லிட்டாரு."

அப்படியே ஒன்பது மணி நேரம் சிரிக்காமல் நின்றுவிட்டு வந்தவளைத்தான் அக்கா துடைத்தாள். புருவம் திரும்ப வந்தது, கண் வந்தது, வாயும் பழைய அகலத்துக்கு வந்தது. சிரிப்பு மட்டும் பஞ்சோடு போய்விட்டது.

சனிக்கிழமை காலை டாக்டர் தங்கையின் கன்னத்தை இழுத்துப் பார்த்து, நரம்பெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஹோட்டலுக்கு ஒன்பது வருஷமாக வந்துபோகும் மருந்துக் கம்பெனி ஆள், சிரிக்காத முகத்தோடு அவள் சாவியை நீட்டியதும் வெலவெலத்து, தன் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று போன் போட்டு விசாரித்தார். மத்தியானம் மேனேஜரே அழகு நிலையத்துக்கு வந்துவிட்டார். அக்கா, பத்திரப்படுத்தியிருந்த டிபன் டப்பாவைத் திறந்து பஞ்சைக் காட்டினாள். பஞ்சு சிரித்தது. மேனேஜர் தன்னையறியாமல் "குட் மார்னிங்" என்றார். அப்புறம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, திங்கட்கிழமை இது அவ மூஞ்சியில இருக்கணும். இல்லேன்னா அவளைத் துணி வெளுக்கிற பக்கம் அனுப்பிடுவேன்" என்றார்.

அக்கா அன்று சோறு தொடவில்லை. குடும்பத்தில் ஒருத்திக்கு வாய்த்த அழகை, தானே கையால் துடைத்து எடுத்துவிட்டோம் என்று மருகினாள். ஞாயிறு மதியம் தங்கையைப் பிடித்து உட்காரவைத்து, செயற்கை இமை ஒட்டுகிற பசையைப் பஞ்சின் பின்னால் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே கொண்டுபோனாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை தடுமாறிப் பஞ்சு அக்காவின் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது. எட்டுப் பல்லும் கன்னக்குழியுமாக அக்காவின் மூக்கு தங்கையை வரவேற்றது.

தங்கை சிரித்தாள். ஈறு முழுக்கத் தெரிய, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, நடுநடுவே பன்றிக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்புக்காகவே பெஞ்சு மேல் ஏறி நின்றவள் அவள். அக்கா அதைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது; அப்படி ஒன்று இருந்ததையே மறந்துபோயிருந்தாள். பஞ்சு வந்தபோதுகூட இவ்வளவு அதிரவில்லை. பஞ்சை மூக்கிலிருந்து எடுக்கக்கூட மறந்து தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத் தங்கை சொன்ன பதிலையே திங்கட்கிழமை மேனேஜரும் கேட்டார். கேட்டுவிட்டு, தானே போய்க் கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். அன்றிலிருந்து பஞ்சு அந்தப் பெட்டிக்குள் வரவேற்பு மேஜையில் இருக்கிறது. வருகிறவர்களைப் பார்த்து ஓய்வில்லாமல் சிரிக்கிறது. பக்கத்தில் நின்று தங்கை சாவி எடுத்துக்கொடுக்கிறாள், தோன்றினால் உறுமிச் சிரிக்கிறாள். அந்த மேனேஜர் ஓய்வு பெற்று, அடுத்தவரும் வந்து போய்விட்டார். மருந்துக் கம்பெனி ஆள் முதலில் பெட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம் அவளிடம் அறை கேட்கிறார்.

அந்த ஞாயிறு மதியம், மூக்கில் பஞ்சோடு அக்கா கேட்டது இதுதான்: "ஏண்டி, இந்தச் சிரிப்பு இத்தனை நாளா எங்கடி இருந்துச்சு?"

"அடியிலதான்க்கா இருந்துச்சு. உன் மூக்குல இருக்கே, அது நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, மேனேஜர் என்னைக் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, எட்டுப் பல்லு எண்ணிப் போட்டுவிட்ட மேக்கப்பு."