றஹீம் வீட்டு மணி

1990 ஐப்பசி முதல் ஐந்து வருஷம், கம்பியும் பற்றறியும் இல்லாமல் சந்தியோகுவின் வீட்டில் ஒரு மணி அடித்தது. றேடியோ திருத்துகிற சந்தியோகு தன் கையால் செய்த மணிதான். கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய தகடுகள் கொண்ட றீட் சுவிச்சைப் பக்கத்து வீட்டு றஹீமின் கதவு நிலையில் பொருத்தி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கதவில் ஒட்டியிருந்தான். காந்தம் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும்வரை மணி ஊமை. கதவு திறந்து காந்தம் விலகினால் அலறும். "வீட்டிலை ஆளில்லாத நேரந்தானே கள்ளன் வருவான். எனக்குக் கேட்டு என்ன அண்ணை, உங்களுக்கெல்லோ கேக்கவேணும்" என்று, மணியை வேலிக்கு இங்கால் மாட்டவைத்தவன் தையல்கார றஹீம். நல்ல யோசனை என்று ஒழுங்கைச் சனமே மெச்சியது.

அந்த ஐப்பசியில் நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். சொன்னவர்கள் கையில் துவக்கு இருந்தது. றஹீம் கதவைப் பூட்டி, வேலிக்கு மேலால் திறப்பை நீட்டி, "பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை" என்றான். "ஓம், நீ யோசியாமல் போ" என்றான் சந்தியோகு. மூன்றாம் நாள் மத்தியானம் மணி அடித்தது. சந்தியோகு படலைவரை போனான். தையல் மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தான். திரும்பி வந்து பற்றறியைக் கழற்றினான். மணி நிற்கவில்லை. கம்பியை வெட்டினான். அதற்கும் மசியவில்லை. அலுமாரிக்கு அடித்தது, கட்டிலுக்கு அடித்தது, கூரை ஓட்டுக்கு நாள் முழுக்க அடித்தது. தொண்ணூற்று மூன்றில் கதவையே கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகும் யார் வாசலை மிதித்தாலும் அடித்தது. "இஞ்சாருங்கோ, ஒருக்காலெண்டாலும் போய்க் கேளுங்கோவன்" என்று மனைவி சிசிலியா கெஞ்சினாள். "வாய் திறந்தால் நாளைக்கு எங்கடை கதவு" என்பான். வீடு எப்படி என்று புத்தளத்திலிருந்து றஹீம் எழுதுவான். 'அப்படியே இருக்கு' என்று சந்தியோகு பதில் எழுதும்போதும் மணி அடித்தது. சீ, அவனும் ஒரு மனுசன்! ஆனால் அந்த ஒழுங்கையில் அவனைவிட நல்ல மனுசன் ஒருவரும் இருக்கவில்லை.

1995 ஐப்பசியில் சண்டை கிட்டவர, ஊரே வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் சிசிலியா உடுப்பு மூட்டையை அவிழ்த்தாள். மணி உள்ளே இருந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. அன்று பின்னேரமே அடிக்கத் தொடங்கியது. என்ன சத்தம் என்று அறையில் இருந்தவர்கள் கேட்க, சந்தியோகு முதல் தடவையாக ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். கம்பியில்லாமல் எப்படி அடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்த இராசமலர் என்பவள் மட்டும் கிட்ட வந்தாள்.

"அண்ணை, எங்கடை கதவுக்கும் உப்பிடி ஒண்டு பொருத்தேலுமே?"

"பொருத்தலாம் தங்கச்சி. கேட்டுப்போட்டுச் சும்மா இருக்கப் பழகோணும். எனக்கு ஒரு நாள்தான் எடுத்தது."

அவள் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். அவளுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள்.