வியாழக்கிழமையில் துக்க ஜெபமாலை

என் வீட்டுக்காரர் நெல்சன் அமராவதிபுதூரில் கணக்கு வாத்தியார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எனக்கும் மதுரை டாக்டருக்கும்தான் தெரியும். எனக்கு இல்லை. எப்படி வந்தது என்ற சண்டையைப் போட்டு முடித்தாயிற்று.

இந்த வியாதி சிலருக்கு ஞாபகத்தையும் தொடும் என்று டாக்டர் சொன்னார். தூக்கம் கெட்டாலும், கவலையை வளர்த்தாலும் மறதி வரும் என்றும் அவரேதான் சொன்னார். இவர் முதலாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் குடையை விட்டால் வியாதி, பாலுக்குச் சொல்ல மறந்தால் வியாதி. கல்யாணமான புதிதில் என்னையே காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டு வந்த மனுஷன், அப்போது எந்த வியாதியாம்?

அக்டோபர் மாதம் எங்கள் தெருவில் வீடு வீடாக ஜெபமாலை நடக்கும். ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதியைச் சொல்கிறவர் இவர்தான், பின்பாதியை நாங்கள் பதிலாகச் சொல்வோம். அன்று வியாழன், எங்கள் தெருவின் பழைய வழக்கப்படி சந்தோஷ தேவ இரகசியம் சொல்ல வேண்டிய நாள்; துக்கம் வெள்ளிக்குத்தான். இன்பமேரி அக்கா மகளுக்கு நிச்சயமான வீட்டில் இவர் துக்க தேவ இரகசியத்தை ஆரம்பித்து, சிலுவைச் சாவு வரைக்கும் கொண்டுபோய் முடித்தார். எல்லாரும் கேசரி தின்றுவிட்டுக் கிளம்பினோம். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

இனிமேல் ஜெபம் சொல்லப்போவதில்லை, வேலையையும் எழுதிக்கொடுத்துவிடப் போகிறேன் என்றார். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது.

"நானுந்தான் கடேசி வரைக்கும் பதில் சொன்னேன், எனக்கே தெரியல. அங்க ஒருத்தருக்கும் தெரியல. அப்ப தெருவுக்கே வியாதியா?"

சிரித்துவிட்டார். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. வீட்டு வாசல் வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே ஒருநா எல்லாம் மறந்துருச்சுன்னா, ஜெரினா?"

மறக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானா டாக்டர்?

"ஜெபத்துல ஒங்களுக்குப் பாதிதான? மீதிய நாங்கதான சொல்றோம். மறந்தீகன்னா ஒங்க பாதியையும் நான் சேத்துச் சொல்லிக்கிருவேன். இப்ப வந்து தூங்குங்க."

மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். மறதியை ஊரிடம் ஒளித்து, வீட்டில் அதையே நினைத்துக் குமைந்த மனுஷன், கொஞ்சமும் கூச்சமில்லாமல் என்னிடம் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கெழம?"

வெள்ளி என்றேன்.